தறிக்குழித் தண்ணீர்

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கீழே தறி, மாடியில் படிப்பு. பல்கலைக்கழகம் நடந்துபோகிற தூரத்தில் இருப்பதால், மாடியில் அறை எடுத்துக் கட்டியவர்கள் எல்லோரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். விடியற்காலையில் கீழே தறிச் சத்தம் தொடங்கும். மேலே அலாரம் அடித்து அடித்து ஓயும். இந்தத் தறிச் சத்தத்தில் இதுகள் எப்படித்தான் தூங்குகின்றனவோ என்பேன் நான். சொந்த அலாரத்திலேயே தூங்குகிறவர்களுக்கு என் தறி எம்மாத்திரம் என்பார் என் வீட்டுக்காரர்.

நான் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில். அங்கே ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். ஐயம்பேட்டை போகிற சாலையை ஒட்டிய இந்தத் தெருவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது, காற்றோட்டமான இடம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பொய்யில்லை. வாசலில் இறங்கினால் ஷேர் ஆட்டோ. கொஞ்சம் நடந்தால் ஜெராக்ஸ் கடை, மெஸ், மருந்துக்கடை. முக்கில் பிள்ளையார் கோவில். சாயங்காலமானால் பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் பஜ்ஜி தின்றுகொண்டு நிற்கும் கலகலப்பு. ஊரில் இதைவிட நல்ல தெரு இருந்தால் காட்டுங்கள், நான் வீட்டை மாற்றிக்கொள்கிறேன். குறைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லும் உரிமை இங்கே குடியிருக்கிற எனக்குத்தான். வெளியாள் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

முதல் குறை சாலை. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சாலை வளர்கிறது, வீடுகள் அப்படியே இருக்கின்றன. நான் வாழ வந்தபோது படியேறி வீட்டுக்குள் போனேன். இப்போது படியிறங்கிப் போகிறேன். ஐப்பசி மழை விடாமல் பிடித்தால், தெருத் தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் மணல்மூட்டை போட்டுத் தடுத்துவிடுவோம். ஆனால் தரைக்கு அடியிலிருந்து வருகிறதை எந்த மூட்டையால் தடுப்பது? அது நேராகத் தறிக்குழிக்குள் வந்து சேரும்.

எங்கள் தறிகள் தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு, அடியில் இருக்கிற மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பார். மழைக்காலத்தில் அந்தக் குழியில் ஊற்று எடுக்கும். கிணற்றுத் தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவாக இருக்கும். காலையில் மொண்டு ஊற்றிவிட்டு உட்கார்ந்தால் மதியத்துக்குள் கணுக்கால் நனையும். மழை வலுத்துவிட்டால் மொள்வதும் வீண். அப்போது தறியை நிறுத்திவிட்டு, பாவின்மேல் பழைய வேட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் என்று தரைவரை போர்த்தி, சுற்றிலும் செங்கல் வைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரிய விடுவோம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பட்டு இழைகள். ஈரம் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறுந்துபோகும். பல்புச் சூட்டில் அது பத்திரமாக இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் ஈரத் தலையோடு திரிந்தாலும் பரவாயில்லை, பட்டுக்குச் சளி பிடிக்கக் கூடாது.

இதைவிட முக்கியமான வழக்கம் ஒன்று உண்டு. குழியில் தண்ணீர் என்று எங்கள் தெருவில் யாரும் வாயைத் திறக்கமாட்டோம். பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பது. இன்ன வீட்டில் ஈரம் என்று அவர் காதுக்குப் போனால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரி கேட்டால்கூட, "கொஞ்சம் நசநசன்னு இருக்குது, அவ்ளோதான்" என்போம். கேட்டவள் வீட்டிலும் குழி நிரம்பித்தான் இருக்கும். அவளும் இதே பதிலைத்தான் சொல்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, நாங்கள் தெருவே சேர்ந்து மறைத்தோம்.

கொசுப் புகை அடிக்கிறவர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் தறி வீடுகளில் கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். புகை பட்டால் சரிகை கறுத்துவிடும் என்று பயம். கறுக்குமா கறுக்காதா என்று யாரும் வைத்துப் பார்த்ததில்லை. மாடிப் பிள்ளைகள் மட்டும் சன்னலைத் திறந்து வைத்து இருமிக்கொண்டு கிடப்பார்கள்.

போன மழைக்கு முந்தின மழையில் காய்ச்சல் வந்தது. முதலில் எங்கள் எதிர் வீட்டுப் பையனுக்கு. அது தெருச் சங்கத்துத் தலைவர் வீடு. பையன் அவருடைய பேரன், இன்னும் பள்ளிக்கூடமே போகாத சின்னப் பிள்ளை. தலைவர் தறி வைத்து நெய்கிறவர்தான். கோவில் பொங்கலானாலும் குழாய்ச் சண்டையானாலும் அவர் சொன்னால் தெரு கேட்கும். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அடுத்து எங்கள் பக்கத்து வீட்டில் ரவிக்கை தைக்கிற பாயம்மாவின் மகளுக்கு. அப்புறம் என் மாடியில் இருந்த பெண்ணுக்கு.

அந்தப் பெண் தர்மபுரிப் பக்கத்துக் கிராமம். மாடியில் இருந்த மூவரில் அவள்தான் அமைதி. அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று அவள் அப்பா என் வீட்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், குளியலறைச் சன்னலை எட்டிப் பார்த்தார், மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டு, "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறனுங்க. வீடு சரியில்லன்னா படிச்ச வரைக்கும் போதும்னு கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். கோபமெல்லாம் போய்விட்டது. என் பொண்ணு மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்கிறவள் இல்லை நான்.

அவளுக்கு எங்கள் தறிமேல் ஒரு கண். நேரம் கிடைத்தால் இறங்கி வந்து என் வீட்டுக்காரர் நெய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள், ஒரே ஒரு தடவை உட்கார்ந்து மிதித்துப் பார்க்கட்டுமா அங்கிள் என்று கேட்டாள். அவர் அந்த விஷயத்தில் கறார். நெய்கிறவன் காலைத் தவிர வேறு கால் குழிக்குள் இறங்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். நானே இத்தனை வருடத்தில் இறங்கியதில்லை. இல்லைம்மா என்று சொல்லிவிட்டார். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மழையில் தறி நின்றபோது, மாடி குளிர்கிறது என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்து, போர்த்தி வைத்த தறியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து படித்தாள். உள்ளே எரிகிற பல்பினால் அங்கே இதமான சூடு இருந்தது. நான்கூட நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்தாய் என்றேன்.

காய்ச்சல் வந்தபோது முதலில் நிலவேம்புக் கசாயமும் கஞ்சியும் கொடுத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் என் தோளில் சாய்த்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொசுக்கடியால் வருகிற காய்ச்சல், ரத்தத்தில் தட்டணு குறைந்துகொண்டே வருகிறது, படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலிலேயே தலைவர் பேரன் படுத்திருந்தான். தலைவர் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், என்னுடன் இருந்த பெண்ணைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன குற்றம் செய்தோம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தெரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தபோது புரிந்தது. காய்ச்சலுக்குக் காரணம் மாடிப் பிள்ளைகளாம். டீ குடித்துவிட்டுக் கப்பைத் தூக்கி எறிகிறார்கள், மொட்டைமாடியில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள், ஊர் ஊரிலிருந்து நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஒருவர் பல்கலைக்கழகமே வந்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். அவர் மகன் மெஸ் நடத்துவதே அந்தப் பிள்ளைகளை நம்பித்தான். கடைசியில் தலைவர் குரல் பதிவு போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கோவில் வாசலில் கூட்டம். இந்த மாதக் கடைசிக்குள் எல்லா மாடி அறையும் காலியாக வேண்டும். பயந்துபோன மனிதர் பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. பயம் நியாயம்தான், ஆனால் அதைப் பிள்ளைகள் தலையில் இறக்குவது என்ன நியாயம்?

சேதி கேட்டு ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பெண்ணின் அப்பாவிடமும் மாடியைக் காலி பண்ணச் சொல்வதை யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடம்பு தேறியதும் ஊருக்கே கூட்டிப் போய்விடுகிறேன், உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த பெண் தூங்கவில்லை. கண்ணோரம் வழிந்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடியேறினேன். ஒரு சிரட்டை, ஒரு டப்பா, ஒரு கப் கிடைத்தாலும் நானே முதல் ஆளாக ஒத்துக்கொள்வது என்ற முடிவோடு போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருந்தது. வாளிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். செடித்தொட்டித் தட்டுகூடக் காய்ந்திருந்தது. அன்றைக்கே வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கிற அம்மாவும் டார்ச்சோடு வந்தார். மாடியில் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். கொல்லையிலும் அதையே சொன்னார். கூடத்துக்குள் வரப்போனபோது என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். பட்டு இருக்கிறது, உள்ளே வேண்டாம் என்றார். அந்த அம்மாவும் வற்புறுத்தவில்லை. பட்டு என்றால் இந்த ஊரில் யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காலில் சுருக்கென்று கடித்தது. அடித்தேன். மறுபடி கடித்தது. பட்டப்பகலில் கூடத்தில் இவ்வளவு கொசு எங்கிருந்து வருகிறது என்று திட்டிக்கொண்டே பார்த்தபோது, போர்வைக்குள் வெளிச்சம் இல்லை. பல்பு போய்விட்டிருந்தது. சூடு போனால் பாவு கெட்டுவிடுமே என்று பதறி, வேறு பல்பை எடுத்துக்கொண்டு, செங்கலை நகர்த்திப் பிளாஸ்டிக்கைத் தூக்கினேன். முகத்தில் கும்மென்று மோதியது கொசுக்கூட்டம். பல்பை மாட்டிப் போட்டேன். குழி நிறையத் தெளிந்த தண்ணீர். அடியில் கிடந்த மிதிக்கட்டை வரை தெரிந்தது. அந்தத் தண்ணீர் முழுக்கப் புழு, மேலும் கீழுமாக நெளிந்துகொண்டிருந்தது.

சாக்கடையில் தேடினோம், மாடியில் தேடினோம், அழுக்குத் தண்ணீரில் தேடினோம். கொசுவுக்கு நல்ல தண்ணீராகப் பிடித்து, போர்வை போர்த்தி, கதகதப்பாக விளக்கும் போட்டு, மருந்துப் புகை வராமல் கதவையும் சாத்தி, பிரசவத்துக்கு வந்த மகளைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள்தான். அந்தப் பெண் சாய்ந்து படித்த சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் வந்ததும் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. பிறகு எழுந்து தெருக்கதவைச் சாத்தினார்.

"மொண்டு ஊத்திட்டு சும்மா இரு. யாருக்குத் தெரியப் போவுது" என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்றது?"

"சொன்னா மொதலாளி காதுக்குப் போவும். அடுத்த பாவு நமக்கு இல்ல. அப்புறம் நீயும் நானும் இன்னா பண்றது, சொல்லு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இரண்டு வேளையும் சைக்கிளில் கஞ்சி கொண்டுபோனவர் அவர்தான். பயம்தான் அப்படிப் பேசவைத்தது. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். கோபம் வந்தால் எனக்குத் தெளிவாக யோசிக்க வரும். நம் வீட்டுக் குழியில் இருந்தால் எதிர் வீட்டுக் குழியில் மட்டும் பன்னீரா இருக்கும்? வாயை மூடிக்கொண்டு நாம் மட்டும் மொண்டு ஊற்றினால், மீதி வீட்டுக் கொசு மீதிப் பிள்ளைகளைக் கடிக்கும். பழி மட்டும் மாடியில் நிற்கும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புழுவோடு ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மீதியை நானும் அவருமாக மொண்டு கொட்டினோம். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். கண்ணாடி டம்ளரை மாடிப் பிள்ளைகளிடம்தான் கேட்டு வாங்கினேன். கோவில் வாசலில் தெருவே கூடியிருந்தது. ஓரமாக மாடிப் பிள்ளைகளும் நின்றார்கள், தண்டனை கேட்க வந்தவர்கள் மாதிரி. தலைவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. பேச ஆரம்பிக்கும் முன்பே நான் போய் அவர் முன்னால் இருந்த நாற்காலியில் டம்ளரை வைத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாத்தீங்களா, நாங்க சொல்லல, மாடியில எடுத்ததுதான் என்று பின்னாலிருந்து ஒருவர் ஆரம்பித்தார்.

"மாடித் தண்ணி இல்ல மாமா. எங்க வூட்டுத் தறிக்குழித் தண்ணி. அந்தப் பொண்ணு நமக்குக் காய்ச்சல் குடுக்கல. நாமதான் அதுக்குக் குடுத்திருக்கோம்."

தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்தார்கள். எங்கள் குழியில் தண்ணீரே இல்லையே என்று ஒருவர் முனகினார். அப்படியானால் வாருங்கள், இப்போதே போர்வையைத் தூக்கிப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் நகரவில்லை. யாருமே நகரவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றதே எனக்குப் போதுமாக இருந்தது.

தலைவர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். தெருவில் இறங்கித் தன் வீட்டை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அவர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க, முதல் தறியின் செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். போர்வையைத் தூக்கினார். வாசலில் நின்ற எங்கள் முகம் வரைக்கும் வந்தது கொசு. அவர் கையால் அதை விரட்டக்கூட இல்லை. தறிக்குப் பக்கத்தில் விரித்திருந்த சின்னப் பாயைக் காட்டினார்.

"பேரன் மத்தியானம் இங்கதான் தூங்குவான். சூடா இருக்குதுன்னு நான்தாம்மா படுக்க வச்சேன்" என்றார்.

அவ்வளவு பெரிய மனிதர் அப்படித் தரையில் உட்கார்ந்து அழுது நான் பார்த்ததில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பேரன் தேறிவிடுவான் மாமா என்றேன். தேறித்தான் வந்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான், என் வீட்டு வாசல் கோலத்தின்மேல் தினமும் சைக்கிள் விட்டு என்னிடம் திட்டும் வாங்குகிறான்.

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவுகள் திறந்தன. வீட்டுக்கு வீடு போர்வை தூக்கினார்கள். எல்லாக் குழியிலும் தண்ணீர், எல்லாத் தண்ணீரிலும் புழு. அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது; வாளி வாளியாக மொண்டு, புழு சாகட்டும் என்று சுட்ட தாரில் கொட்டினோம். பாயம்மாவின் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். கடையிலிருந்து ஒரு பம்பைத் தூக்கி வந்து வீடு வீடாக ஓட்டினார். மாடிப் பிள்ளைகள் கேட்காமலேயே வாளியோடு இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். காலி பண்ணச் சொன்னவர்கள் வீட்டுத் தண்ணீரையும் அவர்கள்தான் கொட்டினார்கள். பாயம்மா தன் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்க வூட்ல தறியே கெடையாதேக்கா, எங்க பொண்ணு இன்னாக்கா பண்ணுச்சு?" என்றாள்.

தறி எங்களுடையது, கொசு எல்லோருக்கும் பொது என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்தாலும் அவள் கேட்டது கேட்டதுதான். அன்றைக்கே அவள் மகளுக்கு நான் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த வாரமே முதலாளி வந்தார். செய்தி போகாமல் இருக்குமா? என் வீட்டுக்காரர் எழுந்து நின்ற நிற்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நானே முன்னால் போய், ஆமாம், குழியில் தண்ணீர்தான், இத்தனை வருடமாக மறைத்தோம், இனிமேல் மறைக்கப்போவதில்லை என்றேன். அவர் தெருவைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு போர்வையும் வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வீடு ஈரம் என்றால் பாவை வேறு வீட்டில் கொடுப்பேன், தெருவே ஈரம் என்றால் ஓரிக்கைக்குப் போய்ப் பாலாற்று மணலில் வைத்தா நெய்வேன் என்று சலித்துக்கொண்டே, மழை நின்றதும் வந்து பாவு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடம் நாங்கள் பயந்தது இதற்குத்தான். தனித்தனியாகப் பயந்ததால்தான் அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

இப்போது குழிகளுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறோம். பெருமழையில் அப்போதும் கொஞ்சம் ஊறும், ஊறினால் சொல்லிக்கொள்கிறோம். போர்த்துவதற்கு முன்னால் குழி வாயில் கொசுவலையை இழுத்துக் கட்டுகிறோம். புகைக்காரர் வந்தபோது துண்டுச் சரிகையை வாசலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை பார்வையிடுகிற வேலை. தறி வீட்டார் போய் மாடிகளைப் பார்க்க வேண்டும், மாடிப் பிள்ளைகள் வந்து தறிக்குழிகளைப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாடு என் யோசனை. ஒருவர் குறையை மற்றவர் பார்த்தால்தான் ஒழுங்காகப் பார்ப்பார்கள். காலி பண்ணும் பேச்சைத் தலைவரே மறுபடி ஒரு குரல் பதிவில் முடித்துவைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண்ணை அவள் அப்பா ஊருக்குத்தான் கூட்டிப் போனார். போகும் முன் அவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது என்று சொன்னேன். அவர் நம்பமுடியாமல் என்னைப் பார்த்தார். அப்புறம் வெறுமனே தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். இனி அனுப்பமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் கட்டிலை அப்படியே போட்டு வைத்திருந்தேன். வேறு யாருக்கும் விடவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு காலையில் இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். அவள் இளைத்திருந்தாள், முடி பாதி கொட்டியிருந்தது. அவர் இந்தத் தடவை தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கவில்லை. "தப்ப மறைக்காம சொன்ன வீடு. இதவிட நல்ல வீடு எங்கங்க தேடறது" என்றார். நான் அவள் பையை வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.

அந்த வாரப் பார்வையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள்தான். கையில் டார்ச்சோடு வந்து, தறிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, குழிக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். மூலை தெரியவில்லை, பரவாயில்லை, மேலே இருந்தே முடிந்தவரை பார்த்துவிடுகிறேன் அங்கிள் என்றாள். வேறு கால் குழிக்குள் இறங்கக் கூடாது என்ற பழைய பேச்சை அவள் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பாவை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து வழி விட்டார்.

"எறங்கிப் பாரும்மா. பாத்து, மிதிக்கட்ட வழுக்கும்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் மெதுவாகக் காலை உள்ளே வைத்து இறங்கினாள். அவர் அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, குனிந்து, மூலை மூலையாக வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றார்.